ஏழாவது வரம்

சேசு மரி சூசை துணை

ஈப்போ
25-9-1980, வியாழன்

என் தங்க மகள் நவமணிக்கு அம்மா ஆயிரம் முத்தத்தோடு எழுதுவது. நீ சுகமா, அந்த ஊர்க் குளிர் உன் உடம்புக்குத் தாங்குகிறதா, ஆஸ்பத்திரியில் நின்று நின்று கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாயே அது வற்றியதா. இங்கே ஆண்டவர் கிருபையால் எல்லோரும் நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பொய் எழுதினால் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் முழங்கால் போட்டு அதையும் சொல்ல வேண்டும், சாமியாருக்கு ஏற்கெனவே என் பாவங்களைக் கேட்டுக் கேட்டுக் கொட்டாவி வருகிறது, ஆகையால் முக்கால்வாசி சுகம் என்று வைத்துக்கொள். உங்கப்பா சுகம். சிம்பாங் பூலாய் கல்லுமலையில் லாரி ஓட்டிவிட்டு மாவு மூட்டைக்குள் விழுந்த பூனை மாதிரி வெள்ளையாக வீட்டுக்கு வருகிறார், குளித்த பிறகுதான் இவர் என் புருஷன்தான் என்று நிச்சயமாகத் தெரிகிறது. நானும் சுகம், மெங்லெம்பு கடலை ஃபேக்டரியில் உட்கார்ந்து சொத்தைக் கடலை பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, வீட்டில் வேறு யார் கேட்கிறார்கள் அது கேட்பதற்கு. மீதிக் கால்வாசி உன் தங்கை அகதா. அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க, மற்ற ஊர்க்கதைகளைக் கடைசியில் இடம் இருந்தால் சொல்கிறேன்.

இப்போது நான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், சோறு வெந்துவிட்டது, குழம்பு கொதிக்கிறது. அகதா பல மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் தனியாகப் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். போய்ச் சேர்ந்தாளா, பாதியில் இறங்கி ஏதாவது கடை ஓரத்தில் உட்கார்ந்து அழுகிறாளா, எனக்குத் தெரியாது. பதினாலு வயதுப் பிள்ளை பஸ்ஸில் பள்ளிக்கூடம் போவது ஒரு சேதியா என்று நீ கேட்பாய், எங்களுக்கு இது சாமியார்களுக்கெல்லாம் பெரியவரான மேற்றிராணியார் வீட்டுக்கு வருவது போன்ற சேதி. தலைமையாசிரியை போன மாதமே சொல்லிவிட்டார், இனிமேலும் இப்படி வராமல் நின்றால் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை என்று. அவர் கோபமாகச் சொல்லவில்லை, பாவம், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இவளும் நேற்று என்னிடம், "இந்த வாட்டியும் முடியலேன்னா இனி போவ மாட்டேம்மா, என்னையும் கடலை பொறுக்கக் கூட்டிட்டுப் போயிரு" என்றாள். கடலை பொறுக்குவது கேவலம் என்று நான் சொல்லவில்லை, அதில்தான் உனக்குக் கப்பல் பெட்டி வாங்கினோம். ஆனால் அவள் ஆசைப்பட்டு வந்தால் வேறு, பயந்து ஓடி வந்து ஒளிவதற்கு அது இடமா. அதனால்தான் இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன், பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்லிக் கால் துடிக்கிறது, அந்தக் காலைக் கட்டிப்போடத்தான் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், நீ பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன கடிதங்களில் அகதாவுக்கு வயிற்றுக் கோளாறு என்று மட்டும் எழுதினேன், கோளாறு வயிற்றில்தான் தெரிந்தது, ஆனால் அது அங்கே பிறந்தது இல்லை. சிலிம் ரிவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இவள் எப்படி இருந்தாள் என்று உனக்குத் தெரியும், வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள், வாயை மூடு என்பதுதான் அவளுக்கு நாங்கள் வைத்த இரண்டாவது பெயர். இங்கே வந்து, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மலாய் பழக்க ஒரு வருஷம் வைக்கிற ரிமூவ் வகுப்பையும் எப்படியோ தாண்டிவிட்டாள். இந்த வருஷம் பாரம் ஒன்று, பெரிய பள்ளிக்கூடத்து முதல் வகுப்பு. பள்ளி திறந்து கொஞ்ச நாளில், வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்க, மலாய்ப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொல்லியிருக்கிறார் டீச்சர். அவர் மேல் குற்றம் இல்லை, எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாகத்தான் வாசிக்கச் சொன்னார். இவள் முறை வந்தபோது சத்தமே வரவில்லையாம், வந்தபோது ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி வந்ததாம், பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. என்னிடம் வந்து சொன்னாள், நான் என் வழக்கப்படி, "ஆட்டுக்குட்டியா இருந்தா நல்லதுதானேடி, ஆண்டவருக்கு அதான பிடிக்கும்" என்று கிண்டல் பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. நான் கவனித்திருக்க வேண்டும், என் கிண்டலுக்குச் சிரிக்காத பிள்ளையா அவள்.

மறுநாள் காலையில் பசியாறும்போது ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள், பஸ் வருகிற நேரம் பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். ஏதோ தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு அது பழக்கமாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் வெளுத்துவிடும். சாயங்காலமானால் வாசலிலேயே நிற்பாள், "அப்பா லாரி வந்துருமாம்மா, மலைல கல்லு ஏதும் சரிஞ்சுருக்காதே" என்று கேட்டதையே கேட்பாள். உங்கப்பா வந்து, "நான் சரிஞ்சாத்தான் உண்டு, கல்லு சரியாது லா" என்று சொல்லுவார், அதற்கும் சிரிக்க மாட்டாள். க்ளினிக்குக்குக் கூட்டிப்போனோம், சீன டாக்டர் நல்ல மனிதர், வயிற்றை அமுக்கிப் பார்த்து மருந்து கொடுத்தார், வாந்தி கொஞ்சம் குறைந்தது, பிள்ளை எதற்கோ பயப்படுகிறது அதைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வீட்டுக் காளியம்மா இருக்கிறாளே, அவளுடைய அக்கறை உனக்குத் தெரியும், "மாரியாத்தா கோயில்ல ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டிட்டு வருவோம்க்கா, ஒங்க சாமி கோவிச்சுக்கவா போறாரு லா" என்றாள். உங்கப்பா கட்டினால் கட்டட்டும் என்று விட்டார், நான்தான் வேண்டாம் என்றேன், காளியம்மா முகம் வாடாமல், "சரி, ஒங்க சாமிகிட்டயே சொல்லுங்க, ஆனா சத்தமாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பல நாள் காலையில் இவள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமில் நின்றது அவள்தான், நான் வேலைக்கு ஓடிவிடுவேன்.

நானும் சத்தமாகத்தான் சொன்னேன். ஜெபம் பண்ணு, ஜெபம் பண்ணு என்று காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். மே மாதம் உறுதிபூசுதல் வருகிறது, மேற்றிராணியார் நெற்றியில் எண்ணெய் பூசினதும் இந்தப் பயமெல்லாம் பறந்துவிடும் பார் என்று ஆசை காட்டினேன். ஞாயிறு தோறும் ஜெயபாலன் சார் நடத்திய வகுப்புக்கு அனுப்பினேன், அவர் சின்னப் பையன், நன்றாகப் பாட்டுப் பாடிச் சொல்லிக்கொடுக்கிறார், பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும். நான் தோட்டத்தில் படித்த அதே பாடம்தான், பரிசுத்த ஆவியான இஸ்பிரீத்து சாந்து கொடுக்கிற ஏழு வரங்கள், எங்கள் காலத்தில் ரப்பர்ப் பால் மரத்தடியில் நின்று கிளிப்பிள்ளையாகச் சொல்லுவோம், ஞானம், புத்தி, விமரிசை, அறிவு, திடம், பக்தி, தெய்வபயம். விமரிசை என்றால் என்ன என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது, வரம்தானே வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டேன். அகதா ஏழையும் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். உறுதிபூசுதலும் நல்லபடி நடந்தது, வெள்ளை கவுனில் அவள் நின்ற படம் உனக்கு அனுப்பினேனே, அதில் கையைப் பார், முந்தானை மாதிரி கவுனைச் சுருட்டிப் பிடித்திருப்பாள். மறுநாளிலிருந்து சரியாகிவிடும் என்று நான் நம்பினேன் மகளே. சரியாகவில்லை, இன்னும் மோசமானது. ஜூன் மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள், பூசைக்கு வருவாள் ஆனால் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எழுந்திருக்க மாட்டாள், கேட்டால் பேச மாட்டாள். வீட்டில் நாங்கள் ஜெபம் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். எனக்கு அலுத்துப்போய்விட்டது. பொய் சொல்லக்கூடாது, கோபமும் வந்தது. இத்தனை பேர் உனக்காக முழங்கால் தேய ஜெபிக்கிறோம், நீ ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்கிறாயே, ஆண்டவர் என்ன உன் வாய்க்குள் புகுந்து வார்த்தையை எடுப்பாரா என்று கத்தியிருக்கிறேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நானும் அவளும் தரையில் உட்கார்ந்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். பள்ளி திறக்கப் போகிறதே என்று என் மனசு அடித்துக்கொண்டது, மறுபடியும் அதே பாட்டை ஆரம்பித்தேன், ஆண்டவரிடம் கேளுடி, இந்தப் பயத்தை எடுத்துவிடுங்கள் என்று ஒரே ஒரு தரம் கேட்டால் குறைந்தா போய்விடுவாய் என்று. அவள் நெத்திலியைக் கீழே போட்டுவிட்டு, "கேக்க மாட்டேம்மா" என்றாள். "ஏன்டி கேக்க மாட்டே, வாயில கொழுக்கட்டையா" என்றேன். "குடுத்தத வேணாம்னு திருப்பிக் குடுக்குறது பாவம்லம்மா" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, யார் கொடுத்தது, எதைக் கொடுத்தது என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னாள், அந்தச் சொல் என் காதிலேயே நிற்கிறது. "ஏழு வரத்துல கடேசி பயந்தானேம்மா. மத்த ஆறும் மத்தப் பிள்ளைங்களுக்குப் போயிருச்சு, எனக்கு அது ஒண்ணுதான் வந்துச்சு. எண்ணெ பூசுன அன்னிலேர்ந்து நெறைய்ய வந்துச்சு. அத எடுத்துருங்கன்னு கேட்டா இஸ்பிரீத்து சாந்துவ வெளிய போன்னு சொல்ற மாதிரிதானே. அந்தப் பாவத்துக்கு மன்னிப்பே இல்லன்னு சார் சொன்னாரு."

நான் சிரித்துவிட்டேன் நவமணி. என் வாய் அப்படி, அழ வேண்டிய இடத்தில் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. இத்தனை மாதமாக இந்தப் பிள்ளை பிடிவாதத்தில் வாயை மூடியிருக்கவில்லை. காலை தோறும் வாந்தி எடுத்துக்கொண்டே, இது ஆண்டவர் கொடுத்த சாமான், தொலைக்கக்கூடாது என்று கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வேண்டாம் என்று ஒரு தரம் மனசுக்குள் நினைத்துவிட்டதற்காக நன்மை வாங்கப் பயந்திருக்கிறது. நான் பக்கத்தில் நின்று கேளு கேளு என்று பாவம் பண்ணச் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி அவளுக்கு இருந்திருக்கும். தெய்வபயம் வேறு, இந்தப் பயம் வேறடி என்றேன். "எப்டி வேற" என்றாள். எனக்கு எங்கே தெரியும், மூன்றாம் வகுப்போடு பால் வாளியைத் தூக்கினவள் நான். "ஒங்கப்பாவுக்கு நான் பயப்படுறேன்ல, அந்த மாதிரி மரியாதைப் பயம்" என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவள் என்னை நன்றாக ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ எப்பம்மா அப்பாவுக்கு பயந்த" என்றாள். ஜெயபாலன் சாரைத் தேடிப்போய்ச் சொன்னேன், அவருக்கு முகமே செத்துவிட்டது, உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து அன்பு, வணக்கம், பணிவு என்று பெரிய பெரிய வார்த்தையாக விளக்கினார், அகதா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். வாத்தியார் யார் எதைச் சொன்னாலும் இப்போது அவள் தலையைத்தான் ஆட்டுவாள், உள்ளே ஒன்றும் இறங்காது.

அன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றி ஜெபமாலைக்கு உட்கார்ந்தோம். வெள்ளிக்கிழமை துயர தேவ இரகசியம், சேசுநாதர் பூங்காவனத்தில் இரத்த வேர்வை வேர்த்ததில் ஆரம்பிக்க வேண்டும். உங்கப்பா முன்னால் சொன்னார், பாதிக் கண் மூடியிருந்தது, நாங்கள் பின்னால் சொல்ல வேண்டும். எத்தனை வருஷமாகச் சொல்கிறேன் அதை, அன்றைக்கு ஏனோ நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. "ஏங்க, அவரு எதுக்கு வேர்த்தாரு" என்று கேட்டேன். உங்கப்பா கண்ணைத் திறக்காமல், "ஊரு சூடு" என்றார். நான் முறைத்தேன், மூடின கண்ணுக்கு என் முறைப்பு எப்படியோ தெரிந்துவிடும், "பயந்துதான் வேர்த்தாரு, அடிப்பாங்க, அறைவாங்கன்னு தெரியும்ல" என்றார். அகதா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். நான் அவளிடம், "வேர்த்துட்டு என்னடி சொன்னாரு, நீதான் நல்லாப் படிச்சிருக்கியே" என்றேன். "இந்தக் கிண்ணத்த எங்கிட்டேர்ந்து எடுத்துருங்கன்னு கேட்டாரு" என்றாள். கேட்டாரா என்றேன். கேட்டாரு என்றாள். ஒரு தரமா என்றேன். "மூணு தரம்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவளுக்கு அழுகை வந்தது பார், இத்தனை மாதம் சேர்த்து வைத்த அழுகை. நான் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன், அதிசயம்தான், என் வாய் என் பேச்சைக் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அழுது முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த கேள்வியைப் போட்டாள், "ஆனா எடுக்கலையேம்மா. அவரு கேட்டும் எடுக்கலையே." நவமணி, அந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது. கேட்டால் உடனே கிடைக்கும் என்று இனிமேல் நான் அந்தப் பிள்ளையிடம் சொல்லப் போவதில்லை, சொல்லி ஏமாந்தது போதும். உங்கப்பா தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்போஸ்தலர்கள் மூன்று பேர் பூங்காவனத்தில் தூங்கினார்களே, அவர்களுக்கெல்லாம் தலைவராகப் போட வேண்டிய ஆள். ஆனால் மூடின கண்ணோடேயே, "எடுக்கலதான். ஆனா தனியா விடலையே, வானத்துலேர்ந்து ஒரு சம்மனச அனுப்புனாருல்ல, பக்கத்துல இருக்க" என்றார். அதைச் சொல்லிவிட்டு நிஜமாகவே தூங்கிவிட்டார், குறட்டை வந்தது. மிச்ச ஜெபமாலையை நாங்கள் இரண்டு பேரும்தான் சொன்னோம். முடிவில் அகதா வாய் திறந்து தானாக ஒரு ஜெபம் சொன்னாள், புத்தகத்து ஜெபம் இல்லை, "ஆண்டவரே எனக்கு வயித்தப் பெரட்டுது, எடுத்துருங்க. எடுக்காட்டி யாரையாச்சும் அனுப்புங்க" என்றாள். ஆமென் என்று நான் சொன்னது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

பள்ளி திறந்த அன்றைக்குக் காலையில் வழக்கம்போல வாந்தி. சீருடையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். யாரை அனுப்புவார் ஆண்டவர், இருக்கிறது நான் ஒருத்திதானே. வேலை வாங்குகிற ஃபேக்டரி மண்டோரிடம் போய் நின்றேன், அவன் முகத்தைச் சுளித்தாலும் மத்தியான ஷிப்டுக்கு மாற்றிக் கொடுத்தான். சம்மனசு என்றால் இறக்கை இருக்க வேண்டும், எனக்கு இருப்பது வாத இடுப்பு, பஸ் படியில் ஏறவே கை கொடுக்க வேண்டும், அகதாதான் என்னைத் தூக்கிவிட்டாள். முதல் வாரம் பள்ளிக்கூட வாசலில் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன், வகுப்பு ஜன்னலிலிருந்து என் சேலை தெரியும், தெரிகிற மாதிரி சிவப்புச் சேலையாகக் கட்டிக்கொண்டு போவேன். வாசலில் காவல் நிற்கிற ஜாகா ஒரு மலாய்க்காரப் பெரியவர், முதல் நாள் முறைத்தார், இரண்டாவது நாள் ஸ்டூல் போட்டார், மூன்றாவது நாள் என்னை அத்தை முறை வைத்து, மக்சிக்கும் பாரம் ஒன்றா, பரீட்சை எப்போது என்று கேட்டார். நான் என் ஓட்டை மலாயில், என்னை ரிமூவ் வகுப்பிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றேன். அகதா ஜன்னலிலிருந்து நாங்கள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறாள். பிறகு ஓய்வு மணி வரைக்கும் இருந்தால் போதும் என்றாள், பிறகு வாசலோடு திரும்பிவிடு என்றாள். நடுவில் இரண்டு நாள் மறுபடியும் படுத்துக்கொண்டாள், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை, நான் மூலையில் உட்கார்ந்து ஐயோ போச்சே என்று நினைத்தேன். சரியாகிவிட்டது என்று நான் உனக்கு எழுத மாட்டேன், சரியாகவில்லை. பயம் இருக்கிறது. அது பாவமும் இல்லை வரமும் இல்லை, இருமல் மாதிரி ஒரு தொந்தரவு, அதற்கு டாக்டரும் வேண்டும் ஜெபமும் வேண்டும் பக்கத்தில் ஆளும் வேண்டும் என்று மட்டும் அவளுக்கும் எனக்கும் புரிந்திருக்கிறது. நேற்று அவளாகவே, "நாளைக்கு நீ வர வேணாம்மா, நான் போய்ப் பாக்குறேன்" என்றாள். இன்றைக்குக் காலையில் பஸ் ஸ்டாப் வரைக்கும்கூட விடவில்லை. நான் மாடியிலிருந்து பார்த்தேன், ஏறினாள், பஸ் போய்விட்டது.

நீ உன் கடிதத்தில், படிப்பை விட்டுவிட்டுக் கிறிஸ்மசுக்கு ஒரேயடியாக வந்துவிடுகிறேன், தங்கையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வரக்கூடாது. அம்மா கண்டிப்பாகச் சொல்கிறேன். நீ வந்தால் எனக்கு இரண்டு கையும் ஆறும், பொய் இல்லை, சில நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் நவமணி இருந்தால் ஒரு வாய் கோப்பி கலக்கிக் கொடுப்பாளே என்று தோன்றும். ஆனால் அவளுக்காக நீ உன் படிப்பை விட்டாய் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை அதையும் சேர்த்துப் பயப்படும், அக்கா என்னால் கெட்டாள் என்று அதற்கு ஒரு வாந்தி எடுக்கும். நீ அங்கேயே இருந்து உன் நர்ஸ் தொப்பியை வாங்கு. ஊர்க்கதை கேட்டாயே, சன்னாசி மாமா மகளுக்குத் தஞ்சோங் மாலிமில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளை பஸ் டிரைவர், மாமா இப்போதே பந்தலுக்குக் கீழே நின்று வரவேற்கிற மாதிரி எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறார். காளியம்மா வீட்டில் டெலிவிஷன் வாங்கியிருக்கிறார்கள், உங்கப்பா இப்போது அவளுக்கு அண்ணன் முறை என்று கண்டுபிடித்திருக்கிறார்.

பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன் மகளே, அகதா வந்துவிட்டாள். மிச்சத்தை அவள் சாப்பிடுகிறபோது எதிரில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசலில் நின்றாள், பாவாடை முன்பக்கம் முழுக்க அரைகுறையாகக் காய்ந்த ஈரம், கழுவின அடையாளம். "பஸ்லயே வாந்தி எடுத்துட்டேம்மா, எல்லாரும் பாத்தாங்க, ஒரு சீனப் பாட்டி பேப்பர் குடுத்துச்சு" என்றாள். நான் கேட்கவே பயந்து கேட்டேன், "அப்புறம் எங்கடி போன." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எங்க போறது, ஸ்கூலுக்குத்தான்" என்றாள். வாய் கொப்பளித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாளாம். ஈரப் பாவாடையோடு கடைசி மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாளாம். பயமாக இருந்ததா என்றேன், "இருந்துச்சு" என்றாள், சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டாள். நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, இன்றைக்கு அவள் இரண்டாம் தரம் சோறு கேட்கிறாள்.

ஆண்டவர் உன் வலது பக்கமும் மாதா உன் இடது பக்கமும் நிற்கட்டும், நடுவில் நீ கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நில். ஞாயிறு பூசை தப்பாதே, ராத்திரி வேலை பார்த்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே. ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த கடிதம் எனக்கு வேண்டாம், அகதா பேருக்கு எழுது. அக்கா கப்பலேறிப் போனவள், அவளுக்குப் பயமே கிடையாது என்று அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறது. போன முதல் மாதம் நீ என்னென்ன பயந்தாய், எங்கே ஒளிந்து நின்று அழுதாய் என்று ஒன்று விடாமல் அவளுக்கு எழுது, எனக்குச் சொல்லாமல் மறைத்ததெல்லாம் அதில் வரட்டும். நான் படிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ண முடியாது.

உன்னைத் தினமும் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும்
அம்மா,
எஸ். இருதயமேரி